மருத்துவமனை ஆவணங்கள்: பயிற்சியாளர் ஒருவரின் ஒரு வார அலுவல்

ஒரு பெரிய மருத்துவமனைக்குச் செல்வோரின் கண்ணில் முதலிற் படுவன நோயாளிகள் தங்கும் வார்டுகளும், அறுவைச் சிகிச்சைக் கூடமும், மருந்து வழங்கும் இடமுமேயாகும். கட்டடத்தின் ஒரு கோடியிலோ, நிலவறையிலோ அமைந்துள்ள ஆவணப் பகுதியைப் பெரும்பாலோர் காண்பதில்லை. ஆயினும் மருத்துவமனையின் நினைவாற்றல் முழுவதும் அங்கேதான் உள்ளது. சென்ற ஆண்டு எந்த மருந்து நோயாளிக்கு ஒவ்வாமல் போயிற்று, அறுவையின்போது என்ன காணப்பட்டது, எந்த வகை ரத்தம் ஏற்றப்பட்டது என்பவற்றை மருத்துவர் மறக்கலாம், நோயாளி அறியாமலே இருக்கலாம், ஏடு மறப்பதில்லை.

இந்த ஏடுகளைத் தொகுத்து, எண்ணிட்டு, சரிபார்த்து, பாதுகாத்து, வேண்டுவோருக்கு முறைப்படி எடுத்தளிப்பது இன்று தனியொரு தொழிலாக வளர்ந்துள்ளது. அறிவியல் அல்லது கலைப் பட்டம் பெற்ற இளைஞர்கள் மருத்துவமனைகளில் பயிற்சியாளராகச் சேர்ந்து இத்தொழிலைக் கற்கின்றனர். 1961-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய சுகாதாரத் தகவல் நிலையத்தின் சார்பில், புது டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மர் நிலையத்திலும் மருத்துவ ஆவணப் பயிற்சிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. பெங்களூர் போன்ற நகரங்களில் பெரிய மருத்துவமனைகள் தாமே பயிற்சியாளர்களை ஏற்று, வேலையின் ஊடே கற்பிக்கின்றன. அத்தகைய பயிற்சியாளர் ஒருவர் திங்கள் முதல் சனி வரை செய்யும் வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இத்துறையின் தத்துவங்கள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

பெங்களூரின் தகுதி

இப்பாடத்துக்குப் பெங்களூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டிலும், வாணி விலாஸ் மருத்துவமனை 1935-ஆம் ஆண்டிலும் இந்நகரில் திறக்கப்பட்டன. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையம், அங்கிருந்த பழைய மனநோய் மருத்துவமனையுடன் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் என்னும் பெயர் பெற்றது. அப்பழைய மருத்துவமனை விட்டுச் சென்ற நோயாளி ஏடுகள் இன்று வரலாற்று ஆய்வுக்கும் பயன்படுகின்றன. 1973-இல், முன்னாள் மத்திய அமைச்சர் ரஃபி அகமது கித்வாயின் நினைவாகப் புற்றுநோய்க்கென ஒரு நிலையம் இங்கு நிறுவப்பட்டது. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகள் யாவற்றையும் ஒருங்கிணைக்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், இந்நகரிலேயே இயங்குகிறது. ஆகவே, வார்டில் எழுதப்படும் ஒரு தாள் எவ்வாறு நாடு முழுவதற்குமான புள்ளிவிவரமாக மாறுகிறது என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஊரில் காணலாம்.

திங்கள்: எண்ணும் அடுக்கும்

பயிற்சியாளரின் முதல் நாள் பதிவு மேடையில் கழிகிறது. மருத்துவமனைக்கு முதன்முறை வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்படும். அதே மனிதர் பத்து ஆண்டுகள் கழித்து வேறு நோய்க்காக வந்தாலும் அவ்வெண்ணே அவருக்கு உரியது. இதனை 'ஒற்றை எண் முறை' என்பர். வருந்தோறும் புது எண் கொடுத்தால் ஒரே மனிதரின் வரலாறு பல துண்டுகளாகச் சிதறிவிடும். பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு ஒரு துண்டிலும், அவருக்கு இன்று மருந்து எழுதும் தாள் மற்றொரு துண்டிலும் இருக்கும். அதன் விளைவு உயிர்ச்சேதமாகவும் முடியலாம்.

எண்ணை நோயாளி மறந்து வந்தால் பெயரைக் கொண்டே தேடவேண்டும். பெங்களூரில் இதுவே கடினமான வேலை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே வரிசையில் நிற்கின்றனர். லட்சுமி என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகின்றனர். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவர். வேறு சிலர் ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயரையோ இடுவர். முதலெழுத்தைப் பின்னால் எழுதுவோரும் உண்டு. ஆகையால் பெயர் ஒன்றை மட்டும் நம்பலாகாது. பிறந்த தேதி அல்லது வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டாவது ஒத்திருந்தாலன்றிப் பழைய ஏட்டை இவருடையது என்று கொள்ளக்கூடாது. வேறொருவர் ஏட்டை இவர் கையில் கொடுப்பது, ஏடே இல்லாதிருப்பதைக் காட்டிலும் அபாயகரமானது.

பிற்பகலில் பயிற்சியாளர் அடுக்கறைக்குச் செல்கிறார். அங்கே ஏடுகள் 1, 2, 3 என்ற வரிசையில் நிற்பதில்லை. 243758 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதனை 24-37-58 என மூன்றாகப் பிரித்து, வலமிருந்து இடமாகப் படிக்கின்றனர். 00 முதல் 99 வரை நூறு பகுதிகள் உள்ளன. முதலில் 58-ஆம் பகுதிக்கும், அதனுள் 37-ஆம் பிரிவுக்கும் சென்று, அங்கே 24-ஆவது ஏட்டை எடுக்கவேண்டும். அதற்கு அடுத்து நிற்பது 25-37-58 ஆகும். இதற்கு 'இறுதி இலக்க முறை' என்று பெயர்.

இம்முறையின் நன்மை யாது? நேர் வரிசையில் அடுக்கினால் புதிய ஏடுகள் யாவும் கடைசி அலமாரியிலேயே குவியும். சிப்பந்திகள் அனைவரும் அங்கேயே முட்டி மோதுவர். பழைய ஏடுகளை அகற்றும்போது முன் அலமாரிகள் வெறுமையாகி, எல்லாவற்றையும் நகர்த்த நேரிடும். இறுதி இலக்க முறையிலோ, தொடர்ச்சியான நூறு புதிய எண்கள் நூறு பகுதிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சமமாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிப்பந்தியைப் பொறுப்பாக்கலாம். ஏடு ஒன்று வெளியே எடுக்கப்பட்டால், அதன் இடத்தில் யார், எந்தத் தேதியில், எதற்காக எடுத்தார் என்று குறித்த அட்டை ஒன்று செருகப்படும். அட்டையின்றி எடுக்கப்பட்ட ஏடும், இலக்கம் மாறி வைக்கப்பட்ட ஏடும் தொலைந்த ஏட்டுக்கு ஒப்பாகும். லட்சம் ஏடுகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது தற்செயலையே பொறுத்தது.

செவ்வாய்: குறை காணல்

முந்திய நாள் வீடு திரும்பிய நோயாளிகளின் ஏடுகள் காலையில் வார்டுகளிலிருந்து வந்து சேரும். கேஸ் ஷீட் என்று வழக்கில் கூறப்படும் இவ்வேட்டில் பல கைகள் எழுதியிருக்கும். அனுமதித் தாள், நோய் வரலாறு, அன்றாட முன்னேற்றக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, உடல் வெப்ப வரைபடம், ஆய்வுக்கூட அறிக்கைகள், சம்மதப் பத்திரம், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, விடுவிப்புச் சுருக்கம் ஆகியவை குறித்த வரிசையில் அமைய வேண்டும்.

பயிற்சியாளர் இவற்றை இரண்டு நோக்கில் ஆராய்கிறார். முதலாவது, அளவு பற்றியது: தாள்கள் யாவும் உள்ளனவா? ஒவ்வொரு தாளிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் உள்ளனவா? கையொப்பமும், தேதியும், நேரமும் இடப்பட்டுள்ளனவா? இரண்டாவது, பொருள் பற்றியது: ஏடு தனக்குத்தானே முரண்படுகிறதா? அறுவைக் குறிப்பில் இடக்கால் என்றும், சம்மதப் பத்திரத்தில் வலக்கால் என்றும் இருந்தால், எழுதியவரின் கைப்பிழையா, அதனினும் பெரிய தவறா என்று உடனே விசாரித்தாக வேண்டும்.

குறை காணப்பட்டால் பயிற்சியாளர் தாமே அதை நிரப்புதல் கூடாது. குறைத் தாள் ஒன்றை இணைத்து, உரிய மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். எழுதியதைத் திருத்தும் மருத்துவரும் பழைய சொல்லை அழித்துவிடலாகாது. படிக்கத்தக்க விதத்தில் ஒரு கோடு இட்டு, புதியதைப் பக்கத்தில் எழுதி, தேதியுடன் கையொப்பமிட வேண்டும். நீதிமன்றத்தின் முன் ஏடு வைக்கப்படும்போது, அழித்து எழுதப்பட்ட ஒரு சொல் ஏடு முழுவதன் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

புதன்: நோய்க்கு எண்

மூன்றாம் நாளின் வேலை நோய்களைக் குறியீட்டு எண்களாக மாற்றுவது. ஒரே நோயை ஒருவர் 'சர்க்கரை வியாதி' என்றும், மற்றொருவர் 'நீரிழிவு' என்றும், மூன்றாமவர் 'டயாபடீஸ்' என்றும் எழுதலாம். பெயர் பலவாயினும் குறியீடு ஒன்றாயிருந்தால்தான் எண்ணிக்கை இயலும். மருத்துவமனைகள் யாவும் ஒரே படிவத்தில் புள்ளிவிவரம் தொகுக்க வேண்டும் என்னும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் திட்டம் 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் ஆராயப்பட்டது. 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் பெர்டிலான் வகுத்த மரணக் காரணப் பட்டியல் பல நாடுகளில் பரவியது. 1948-இல் அதன் ஆறாம் திருத்தத்தை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. பத்தாம் திருத்தம் 1990-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று. 2024 ஜனவரியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளின் நோய்ப் பெயர்களுக்கான பகுதியும் அதனுடன் வெளியிடப்பட்டது.

பத்தாம் திருத்தத்தில் நோய்கள் 22 அத்தியாயங்களாக வகுக்கப்பட்டுள்ளன. குறியீடு ஓர் ஆங்கில எழுத்தையும் இரண்டு இலக்கங்களையும் கொண்டது. புள்ளிக்குப் பின் மேலும் ஓர் இலக்கம் வரலாம். 'ஈ 11' என்பது இரண்டாம் வகை நீரிழிவு. 'சி 50' மார்பகப் புற்று. 'சி 53' கருப்பை வாய்ப் புற்று. காயங்களுக்கு இரு குறியீடுகள் தேவை. மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தவருக்கு, முறிவுக்காக 'எஸ் 72' என்பதும், விழுந்த விதத்துக்காக 'டபிள்யூ 10' என்பதும் இடப்படும். முதலாவது மருத்துவருக்கு உதவும். இரண்டாவது விபத்தைத் தடுக்க முயல்வோருக்கு உதவும். பாம்புக்கடியையும், சாலை விபத்தையும், தீக்காயத்தையும் பற்றி நாம் அறியும் பலவும் இந்த இரண்டாவது குறியீட்டிலிருந்தே பெறப்படுகின்றன.

குறியீடு இடுவோர் ஊகம் செய்யலாகாது. மருத்துவர் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதன் குறியீடு 'ஆர் 50' ஆகும். ஆய்வுக்கூட அறிக்கையைப் பார்த்து, இது டைபாய்டு எனத் தாமே முடிவு கட்டிப் பயிற்சியாளர் 'ஏ 01.0' என்று இடுவது முறையன்று. மருத்துவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, அவர் திருத்திய பின்னரே குறியீடு மாற வேண்டும். சுருக்கெழுத்துக்களும் இடர் விளைவிப்பன. 'எம்.எஸ்.' என்று எழுதினால் இருதயத்தின் மைட்ரல் வால்வு குறுகிய நோயையும் குறிக்கும். மல்டிப்பிள் ஸ்க்லெரோசிஸ் என்னும் நரம்பு நோயையும் குறிக்கும். எந்த வார்டிலிருந்து ஏடு வந்தது என்பதைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஊகமே.

வியாழன்: மரணத்தின் காரணம்

வாரத்தில் மிகுந்த கவனம் வேண்டும் நாள் இது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மரணத்தின் காரணத்தை மருத்துவர் சான்றளிப்பதற்கு இடம் வகுத்துள்ளது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மருத்துவ நிலையங்கள் அச்சான்றைப் பதிவாளருக்கு அளிப்பதுடன், இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி தரவேண்டும்.

மருத்துவமனை மரணங்களுக்குரிய நான்காம் படிவத்தின் முதற் பகுதியில் மூன்று வரிகள் உள்ளன. முதல் வரியில் உடனடிக் காரணமும், அடுத்த வரியில் அதனை விளைவித்த காரணமும், கடைசி வரியில் இவையனைத்தையும் தொடங்கி வைத்த மூல காரணமும் எழுதப்படும். இரண்டாம் பகுதியில், மரணத்துக்குத் துணை செய்த பிற நோய்கள் இடம்பெறும்.

ஓர் உதாரணம் காண்போம். நெடுநாள் நீரிழிவு உள்ள ஒருவரின் காலில் புண் உண்டாகி, சதை அழுகி, அதன் நஞ்சு ரத்தத்தில் பரவி அவர் இறந்தார். சரியான சான்றின் முதல் வரியில் 'ரத்தத்தில் கிருமி நச்சு' என்றும், இரண்டாம் வரியில் 'காலில் சதை அழுகல்' என்றும், மூன்றாம் வரியில் 'இரண்டாம் வகை நீரிழிவு' என்றும் இருக்கும். அரசாங்கப் புள்ளிவிவரத்தில் இம்மரணம் நீரிழிவின் கணக்கில் சேரும். ஆனால் அவசரத்தில் 'இருதயமும் சுவாசமும் நின்றன' என்று மட்டும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? இறந்தோர் அனைவருக்கும் இருதயமும் சுவாசமும் நின்றே தீரும். அது மரணத்தின் தன்மையேயன்றிக் காரணமன்று. அத்தகைய சான்று பதிவாளர் அலுவலகத்தை அடையும். எண்ணிக்கையில் ஒன்று கூடும். அறிவில் ஏதும் கூடாது. இவ்வாறு நூறு சான்றுகள் எழுதப்படும் ஊரில் நீரிழிவால் இறப்போர் எவருமே இல்லை என்பது போன்ற தோற்றம் உண்டாகும். நீரிழிவுப் புண்ணுக்கான சிகிச்சை நிலையம் வேண்டும் என்று அவ்வூர் கேட்டால், காட்டுவதற்குக் கணக்கு இராது.

குடும்பத்துக்கும் இதில் நேரான தொடர்பு உண்டு. காப்பீடு, ஓய்வூதியம், வாரிசுச் சான்று ஆகிய யாவும் இறப்புப் பதிவை ஒட்டியே நடைபெறுகின்றன. இறந்தவரின் பெயர் மருத்துவமனை ஏட்டில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், துயரத்தில் இருக்கும் மனைவி மக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். திங்களன்று பதிவு மேடையில் நேர்ந்த எழுத்துப் பிழை, வியாழனன்று இவ்விதம் வெளிப்படுகிறது.

வெள்ளி: கணக்கு

ஒவ்வொரு நள்ளிரவிலும் வார்டுகளில் உள்ள நோயாளிகளை எண்ணிக் கணக்கு அனுப்புவது வழக்கம். இக்கணக்குகளிலிருந்து மாதப் புள்ளிவிவரங்கள் தயாராகின்றன. கற்பனையாக, 200 படுக்கைகள் உள்ள மருத்துவமனையொன்றின் ஏப்ரல் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

30 நாட்களுக்கு உள்ள படுக்கை நாட்கள் 200 × 30 = 6,000. நள்ளிரவுக் கணக்குகளின் கூட்டுத்தொகை 5,100. ஆகவே படுக்கைப் பயன்பாடு 5,100 ÷ 6,000 = நூற்றுக்கு 85.

அம்மாதம் வெளியேறியோர், இறந்தவர் உட்பட, 850 பேர். அவர்கள் தங்கிய நாட்களின் கூட்டுத்தொகையையும் 5,100 என்றே கொள்வோமாயின், சராசரித் தங்கல் 5,100 ÷ 850 = 6 நாட்கள்.

இறந்தோர் 34 பேர். மொத்த மரண விகிதம் 34 ÷ 850 = நூற்றுக்கு 4. இவர்களுள் 17 பேர் வந்து சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள். அவர்களை இரு பக்கமும் நீக்கினால், 17 ÷ 833 = நூற்றுக்கு ஏறத்தாழ 2. இது நிகர மரண விகிதம் எனப்படும். உயிர் ஊசலாடும் நிலையில் கொண்டுவரப்பட்டோரையும், சிகிச்சைக்கு அவகாசம் கிடைத்தோரையும் ஒன்றாகக் கலவாதிருக்க இப்பாகுபாடு உதவுகிறது.

காலியான ஒரு படுக்கை அடுத்த நோயாளி வரும் வரை சராசரியாக எவ்வளவு நேரம் வெறுமையாக உள்ளது? (6,000 − 5,100) ÷ 850 = ஏறத்தாழ 1.06 நாள்.

நூற்றுக்கு 85 என்ற விடையைக் கண்டு திருப்தியடைவது எளிது. ஆனால் இதே மருத்துவமனையில் 40 படுக்கைகள் கொண்ட பொது மருத்துவ வார்டின் கணக்கு 1,440 என்று இருந்தால், அதன் பயன்பாடு 1,440 ÷ 1,200 = நூற்றுக்கு 120 ஆகும். அதாவது, அங்கே நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்துள்ளனர். மற்ற 160 படுக்கைகளின் பயன்பாடோ நூற்றுக்கு 76 அளவே. சராசரி உண்மைதான், ஆயினும் அது தரையில் படுத்திருப்போரை மறைத்துவிடுகிறது. வார்டு வாரியான கணக்கையும் அதிகாரியின் மேசையில் வைப்பது பயிற்சியாளரின் கடமை.

சனி: ஏட்டை யாருக்குக் காட்டலாம்?

வாரத்தின் கடைசி நாளில் ஏடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஆராயப்படுகின்றன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். வழக்குத் தொடர்புள்ள ஏடுகளை, வழக்கு முடியும் வரை அழிக்காமல் காப்பது அவசியம்.

கேட்பவர் யார் என்பதே இங்கு முதற் கேள்வி. நோயாளியின் மைத்துனர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வரலாம். வேலை தரவிருக்கும் முதலாளி தொலைபேசியில் விசாரிக்கலாம். நோயாளியின் எழுத்து மூலமான சம்மதமோ, சட்டத்தின் ஆணையோ இன்றி ஏட்டின் ஒரு வரியையும் வெளியிடலாகாது. க்ஷயரோகம், மனநோய், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை பற்றிய ஒரு சொல் கசிந்தால், ஒருவரின் வேலையும், வாடகை வீடும், பெண்ணின் திருமணமும் கெட்டுப்போகக்கூடும். பாராளுமன்றம் 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்துக்கு முதன்மை தருகிறது.

ஒரு தாள் எண்ணாக மாறும் விதம்

மேலே கூறிய ஆறு நாள் வேலையும் ஒன்றுகூடும் இடம் புற்றுநோய்ப் பதிவேடாகும். இந்தியாவில் மக்கள்தொகை சார்ந்த முதற் பதிவேடு 1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் ஏற்பட்டது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 1982 முதல் பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகளை நடத்தலாயிற்று. பெங்களூரில் கித்வாய் நிலையமும், சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையமும் இப்பொறுப்பை ஏற்றன.

பதிவேட்டின் ஊழியர்கள் தகவல் தம்மைத் தேடி வரும் எனக் காத்திருப்பதில்லை. அவர்களே மருத்துவமனைகளின் ஆவணப் பகுதிகளுக்கும், திசு ஆய்வுக்கூடங்களுக்கும், இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் சென்று, ஒவ்வொரு நோயாளியின் விவரங்களையும் படிவத்தில் எடுத்து எழுதுகின்றனர். நோய் கண்டறியப்படுவதற்கு முன் குறைந்தது ஓராண்டேனும் அப்பகுதியில் வசித்தவரை மட்டுமே கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பது விதி.

இவ்விதி ஏன்? ஓசூரில் வாழும் பெண் ஒருவர் மார்பகக் கட்டிக்குச் சிகிச்சை பெறப் பெங்களூருக்கு வந்து, மடிவாளாவில் உள்ள தம் அண்ணன் வீட்டில் தங்குகிறார் என்று கொள்வோம். பதிவு மேடையில் முகவரி கேட்டால், கடிதம் வந்து சேரக்கூடிய அண்ணன் வீட்டு முகவரியையே அவர் சொல்வது இயல்பு. எத்தனை காலமாக அங்கே வசிக்கிறார் என்று எவரும் கேளாவிடில், அவர் பெங்களூர்வாசியாகவே கணக்கிடப்படுவார். அவரே ஒரு மருத்துவமனையில் தந்தை பெயருடனும், வேறொன்றில் கணவர் பெயருடனும் பதிந்துகொண்டால், ஒருவர் இருவராகிவிடுவார்.

இதனால் விளையும் பிழையின் அளவைக் காண்போம். 50,000 பெண்கள் வாழும் ஒரு பகுதியில் ஓராண்டில் 15 நோயாளிகள் எனக் கணக்கு வந்தால், லட்சத்துக்கு 30 என்பது விகிதம். அவற்றுள் 3 இரட்டைப் பதிவு, 2 வெளியூரார் என்று தெரியவந்தால், உண்மையில் 10 பேரே. விகிதம் லட்சத்துக்கு 20. ஐந்து தாள்களில் நேர்ந்த தவறு விகிதத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டது.

இத்தகைய தவறுகளைப் பொறுமையுடன் களைந்து தொகுத்த கணக்குகளிலிருந்தே ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. பதிவேடுகள் தொடங்கிய காலத்தில் பெங்களூர், சென்னை நகரங்களின் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்து, மார்பகப் புற்று கூடி, முதலிடத்தைப் பிடித்துவிட்டது. எந்த ஒரு மருத்துவரும் தம் அனுபவத்தை மட்டும் கொண்டு இதனை உறுதியாகக் கூறியிருக்க முடியாது. 2016-இல் மத்திய அரசாங்கம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூவகைப் புற்றுக்கும் மக்களிடையே சோதனை நடத்த வழிமுறைகளை வெளியிட்டபோது, இத்தகைய பதிவேட்டு விவரங்கள் அடிப்படையாகக் கைகொடுத்தன.

வியாழனன்று கூறிய மரணச் சான்றும் இங்கே வந்து சேர்கிறது. புற்றுநோயால் இறந்தவரின் சான்றில் 'இருதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால், இறப்புப் பதிவைத் தேடி வரும் பதிவேட்டு ஊழியர் அதனைக் கடந்து சென்றுவிடுவார். வேறெந்த மருத்துவமனையிலும் பதிவாகாத நோயாளியாக இருப்பின், அவர் நோயுற்றதும் இறந்ததும் கணக்கிலிருந்து முற்றிலும் மறைந்துவிடும்.

கணிப்பொறி வந்த பின்

இன்று பல மருத்துவமனைகளில் ஏடுகள் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. மின்னணுச் சுகாதார ஏடுகளுக்கான தரங்களை மத்திய அரசாங்கம் 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ், விரும்புவோர் 14 இலக்கங்கள் கொண்ட சுகாதார எண்ணைப் பெறலாம். ஒரு மருத்துவமனையில் எழுதப்பட்டதை, நோயாளியின் சம்மதத்துடன், மற்றொரு மருத்துவமனையில் காண இது வழி செய்கிறது. திங்களன்று கண்ட ஒற்றை எண் முறையின் தத்துவமே நாடளாவிய அளவில் விரிந்துள்ளது எனலாம்.

ஆனால் கணிப்பொறி, எழுதியதைக் காக்குமேயன்றி எழுதாததை அறியாது. முந்திய நாளின் குறிப்பை அப்படியே நகலெடுத்து இன்றைய தேதியில் இடுவது கையெழுத்து ஏட்டில் சிரமம், கணிப்பொறியில் எளிது. நோயாளி எழுந்து நடந்த பின்னரும் 'படுக்கையில் உள்ளார்' என்ற வரி ஐந்து நாட்கள் தொடர்ந்து காணப்பட்டால், அவ்வேட்டை நம்பி எவரும் முடிவு செய்ய இயலாது. குறை காணும் கண் முன்னைவிட இப்போது கூர்மையாக இருக்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மருத்துவமனை ஏட்டின் முதற் பக்கம் கிராமத்திலேயே எழுதத் தொடங்குகிறது. நோயாளியை நகரத்துக்கு அனுப்பும் களப்பணியாளர், பரிந்துரைச் சீட்டில் பெயரை ஆதார் அட்டையில் உள்ளவாறே எழுதி, நிரந்தர முகவரியையும் அங்கு வசித்த காலத்தையும் குறித்து, ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதனைத் தனியே அடிக்கோடிட்டுக் காட்டலாம். பழைய சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் ஒரு பையிலிட்டு நோயாளியுடன் அனுப்புவது சாலச் சிறந்தது. வீட்டில் நேரும் மரணங்களை விசாரிக்கும்போது, இறுதி நேரத்தில் என்ன நடந்தது என்பதோடு நில்லாமல், நோய் எதிலிருந்து தொடங்கியது என்றும் கேட்டறிய வேண்டும்.

ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தம் முழுப் பெயரையும், பிறந்த தேதியையும், ரத்த வகையையும், ஒவ்வாத பொருள்களையும் ஒரு சிறு அட்டையில் எழுதிவைக்கப் பழக்கலாம். பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கும்போது பிறந்த தேதியைச் சான்றின்றி உத்தேசமாக எழுதும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அத்தேதியே பிற்காலத்தில் அம்மாணவரின் மருத்துவமனை ஏட்டிலும் இடம்பெறும்.

பயிற்சி வினாக்கள்

1. 516204 என்னும் ஏட்டை இறுதி இலக்க முறையில் எந்தப் பகுதியில், எந்தப் பிரிவில் தேடவேண்டும்? அதற்கு அடுத்து நிற்கும் ஏட்டின் எண் யாது?

2. 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் ஜூன் மாத நள்ளிரவுக் கணக்குகளின் கூட்டுத்தொகை 1,200. படுக்கைப் பயன்பாடு நூற்றுக்கு எவ்வளவு?

3. மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்த முதியவர் ஒருவர், படுத்த படுக்கையாய் இருந்து, நுரையீரல் அழற்சி கண்டு இறந்தார். சான்றின் மூன்று வரிகளையும் எழுதுக. மூல காரணம் எது?

4. 'சுவாசம் நின்றது' என்று மட்டும் எழுதிய மரணச் சான்றினால் யார் யாருக்கு நஷ்டம்? உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக.

விடைகள்: (1) 04-ஆம் பகுதி, 62-ஆம் பிரிவு, அடுத்த எண் 526204. (2) நூற்றுக்கு 80. (3) நுரையீரல் அழற்சி; தொடை எலும்பு முறிவு; மாடிப்படியில் விழுந்தமை. கடைசியிற் கூறியதே மூல காரணம். நான்காம் வினாவுக்கு விடை ஊருக்கு ஊர் வேறுபடும்.